பென்னிகுக் என்ற பெயர் எந்த ஊருக்குச் சொந்தம்? அரிய பிரிட்டிஷ் குடும்பப்பெயர் ஒன்றின் தடம் பிடிக்கும் முறை

தேனி மாவட்டத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. கடைப் பலகையில் இருக்கிறது, பேருந்து நிலையத்தில் இருக்கிறது, பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் இருக்கிறது. பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னிகுக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுக்கின் குடும்பப்பெயர் அது. பிரிட்டனில் இது அரிய பெயர்; ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி தெருவுக்கு நாலு வீடு தேறாது.

ஆராய்பவருக்கு அதுதான் வசதி. ஸ்மித் என்ற பெயரை வைத்துக்கொண்டு தேடினால் கொல்லன் தொழில் செய்த அத்தனை ஊரும் வந்து நிற்கும். பென்னிகுக்கைத் தேடினால் ஒரே ஒரு ஊர்தான். சில மாதங்கள் மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும், பெயர் எங்கே பிறந்தது, எந்த வழியாகப் பரவியது என்று ஓர் உருப்படியான வரைபடம் போட்டுவிடலாம். கீழே சொல்லும் முறை எந்த அரிய பிரிட்டிஷ் பெயருக்கும் பொருந்தும். உதாரணம் மட்டும் பென்னிகுக்.

ஆரம்பத்திலேயே கேள்வியை மூன்றாகப் பிரித்து மூன்று தாளில் எழுதுங்கள். பெயர் எங்கே உண்டானது? அந்தப் பெயர்க்காரர்கள் எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே இருந்தார்கள்? குறிப்பிட்ட இந்த மனிதர் அவர்களில் எந்தக் கிளை? முதல் கேள்விக்கு இடப்பெயர் ஆய்வும் இடைக்கால ஆவணங்களும் வேண்டும். இரண்டாவதற்கு சென்சஸ். மூன்றாவதற்குப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். ஒன்றின் விடையை இன்னொன்றுக்கு எடுத்து ஒட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. "பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது, ஆகவே இவருடைய தாத்தாவும் அந்த ஊர்க்காரர்" என்பது அதில் முதல் ரகம்.

எழுத்துக்கூட்டலில் தொடங்குங்கள்

பெயர் வந்தது பென்னிகுக் என்ற ஊரிலிருந்து. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், நார்த் எஸ்க் ஆற்றோரம் இருக்கும் சிற்றூர் அது. எழுதும்போது கடைசிப் பகுதி சி, யு, ஐ, கே. ஊர்க்காரர்கள் சொல்வதோ "பென்னிகுக்". ஸ்காட்ஸ் எழுத்து வழக்கில் யு-வும் ஐ-யும் சேர்ந்து ஒரே உயிரொலியைக் குறிக்கும். "குயிக்" என்று பிரித்துச் சொல்வதில்லை. நம் ஊரில் எழுத்தைக் கூட்டிப் படித்தார்கள், "குயிக்" ஆனது. மென்சிஸ் என்று நாம் படிக்கும் ஸ்காட்டிஷ் பெயரை அங்கே பழைய ஆட்கள் "மிங்கிஸ்" என்பார்கள். பழைய கையெழுத்திலிருந்த ஓர் எழுத்து அச்சில் இசட் ஆகிப்போனதன் விளைவு. ஆகவே எந்த ஸ்காட்டிஷ் பெயரை எடுத்தாலும் முதல் வேலை, ஊர்க்காரர் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொள்வது. பதிவேட்டை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதினான்.

அடுத்து, மாறக்கூடிய இடங்களைக் குறியுங்கள். பென்னிகுக்கில் மூன்று இடங்கள். என் என்ற எழுத்து ஒற்றையா இரட்டையா: 2 வகை. நடு உயிர் ஒய், ஐ, இ: 3 வகை. முடிவு சி-ஓ-ஓ-கே, சி-யு-ஐ-கே, சி-யு-ஐ-சி-கே, சி-யு-கே-இ: 4 வகை. பெருக்கினால் 24. இவை எல்லாமே பதிவேட்டில் வரும் என்றில்லை, ஆனால் 24-ஐயும் தேடியாக வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு எழுத்து, தம்பி ஒரு எழுத்து என்பது சர்வசாதாரணம். ஒரே ஆள் கல்யாணத்தில் ஒரு விதமாகவும் சாவில் இன்னொரு விதமாகவும் பதிவாகியிருப்பார். "எங்கள் குடும்பம் ஒய் போட்டு எழுதுகிற குடும்பம், அவர்கள் வேறு" என்ற பேச்சுக்கு 1850-க்கு முன்னால் மதிப்பே இல்லை.

ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் அரசு வம்சாவளித் தளமான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் ஈடாக நிற்கும். பி, இ, என் போட்டு ஒரு நட்சத்திரம். சி போட்டு ஒரு நட்சத்திரம். கே போட்டு இன்னொரு நட்சத்திரம். 24 வகையும் ஒரே வலையில் விழும். கூடவே பென்னக், பென்னிக் என்ற சம்பந்தமில்லாத பெயர்களும் விழும். அவற்றைக் கண்ணால் பார்த்துக் கழியுங்கள், வலையைச் சுருக்காதீர்கள். கடைசி நட்சத்திரத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு; அப்போது இ-யில் முடியும் பழைய எழுத்துக்கூட்டல் முழுவதும் தப்பிவிடும்.

வலையில் சிக்காதவையும் உண்டு. பழைய கையெழுத்தில் பெரிய பி-யை டி என்றோ ஆர் என்றோ படித்துப் பட்டியலிட்டிருப்பார்கள். என்-னும் யு-வும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு குழந்தையின் பிறப்பு இருக்கவேண்டிய ஊரில், இருக்கவேண்டிய ஆண்டில் இல்லையென்றால், குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, குழந்தையின் பெயர், ஊர், ஆண்டு மட்டும் கொடுத்துத் தேடுங்கள்.

உங்கள் விரிதாளில் பெயருக்கு இரண்டு நெடுவரிசை வேண்டும். ஒன்றில் ஆவணத்தில் இருந்தபடியே. இன்னொன்றில் நீங்கள் தேர்ந்துகொண்ட பொது வடிவம். முதல் நெடுவரிசையைத் திருத்தவே கூடாது.

பெயரின் பிறப்பு

ஆங்கிலமும் கேலிக் மொழியும் வருவதற்கு முன் எடின்பரோவைச் சுற்றிய லோதியன் பகுதியில் பேசப்பட்டது வெல்ஷ் மொழிக்கு உறவான பிரித்தோனிக் மொழி. அதில் "பென்" என்றால் தலை, குன்றின் உச்சி. "கோக்" என்றால் குக்கூ பறவை. இடையில் வரும் "இ" வெறும் சுட்டு. குக்கூப் பறவையின் குன்று என்பது ஊர்ப்பெயரின் பொருள். நம் குயில் அதே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் "குயில்குன்று" என்று மொழிபெயர்க்க ஆசை வரும், மொழிபெயர்க்கலாம். ஆனால் தமிழில் எழுதும் "பென்னிகுயிக்"கில் "குயி" இருப்பதைக் காட்டி ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒலி நாம் எழுத்துக்கூட்டிப் படித்ததில் முளைத்தது. இங்கிலாந்திலும் இதே விபத்து உண்டு: பென்னி என்றால் காசு, குக் என்றால் சமையற்காரர், ஆகவே காசுக்குச் சோறு விற்றவர் வம்சம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெயரின் இன்றைய வடிவத்தை வைத்துப் பொருள் சொன்னால் பத்தில் ஒன்பது இப்படித்தான் முடியும்.

ஊரை வைத்து வந்த பெயர் என்று முடிவுகட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஊர்ப்பெயரின் பழைய வடிவமும் குடும்பப்பெயரின் பழைய வடிவமும் ஒன்றாக நகர்கின்றனவா? பழைய ஆவணங்களில் பெயருக்கு முன் "டி" இருக்கிறதா? லத்தீன், பிரெஞ்சு ஆவணங்களில் அது "அந்த ஊரைச் சேர்ந்த" என்று பொருள்படும். அதே பெயரில் வேறு ஊர் உண்டா? பென்னிகுக் மூன்றிலும் தேறுகிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்குப் பணிவதாக ஸ்காட்டிஷ் நில உடைமையாளர்கள் 1296-இல் முத்திரையிட்டுக் கொடுத்த ராக்மன் ரோல் பட்டியலில் எடின்பரோ கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சேர்ந்த "டி பெனிகோக்" ஒருவர் வருகிறார். 1400-க்குப் பிறகு "டி" மெல்ல உதிர்ந்துவிடும். அந்த உதிர்வுதான் ஊர் அடையாளம் பரம்பரைப் பெயராக உறைந்ததற்கு அறிகுறி.

பெயர் ஒரே ஊரில் பிறந்தது என்றால் ஒரே குடும்பம் என்று அர்த்தமில்லை. பெரிய நிலப்பிரபு ஊரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டார், அது ஒரு வழி. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது இன்னொரு வழி. கம்பத்தில் யாரையும் "கம்பத்துக்காரர்" என்று கூப்பிட மாட்டார்கள்; மதுரைக்கு வந்து கடை போட்டால் அந்தப் பெயர்தான் நிற்கும். இதனால்தான் இடத்தால் வந்த பிரிட்டிஷ் பெயர்கள் மூல ஊரில் மெலிந்தும், அதிலிருந்து சில மைல் தள்ளிய வட்டத்தில் அடர்ந்தும் காணப்படுவது வழக்கம். வரைபடம் போட்டதும் மூல ஊரில் ஆளே இல்லை என்று பதற வேண்டாம்.

பென்னிகுக் ஊரில் இது கண்கூடு. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் கிளார்க் என்ற வணிகர் அந்த ஜமீனை வாங்கினார். அன்றிலிருந்து அது கிளார்க் வம்சத்தின் கையில். அந்த நிலத்துக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு: எடின்பரோ அருகே மன்னர் வேட்டைக்கு வந்தால் உடைமையாளர் மும்முறை கொம்பு ஊத வேண்டும். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லின் பெயரில் இருக்கும் "கிளார்க்" இந்த வீட்டுக் கிளார்க்தான். "மேக்ஸ்வெல்" வந்ததோ, அவருடைய தந்தைக்கு மிடில்பி என்ற எஸ்டேட் வாரிசுரிமையாக வந்தபோது சேர்த்துக்கொண்டதால். சொத்துக்காகப் பெயரை மாற்றுவதும் கூட்டுவதும் ஸ்காட்டிஷ் நிலவுடைமைக் குடும்பங்களில் பழகிய சங்கதி. ஒரு கிளை திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்தால் செத்துவிட்டார்கள் என்று எழுதும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

1881 சென்சஸை வைத்துப் பரவல் வரைபடம்

பிரிட்டிஷ் பெயர்ப் பரவலுக்கு 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த சென்சஸ்தான் அடித்தளம். தன்னார்வலர்கள் வரிக்கு வரி பெயர்த்தெழுதிய கணக்கு அது. ஆயத்த வரைபடங்கள் பெரும்பாலும் இதையே எடுத்தாள்கின்றன. ஆயத்த வரைபடத்தை ஒரு பார்வை பார்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது எந்த எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டதோ அதை மட்டும் காட்டும். மற்ற 23-ஐக் காட்டாது. நாமே கணக்கிடுவதுதான் நம்பகம்.

கவுண்டி வாரியாக எண்ணிக்கை எடுக்கும்போது கவுண்டியின் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. மிட்லோதியனும் எடின்பரோஷயரும் ஒன்றே. ஆங்கஸ் என்பது ஃபோர்ஃபார்ஷயர். கிழக்கு லோதியன் ஹாடிங்டன்ஷயர், மேற்கு லோதியன் லின்லித்கோஷயர், மோரே எல்ஜின்ஷயர். இரண்டு பெயரிலும் வரும் வரிகளைச் சேர்க்காமல் விட்டால் ஒரே கவுண்டி இரண்டாகத் தெரியும். 1975-இல் இந்தக் கவுண்டி அமைப்பே நிர்வாகத்திலிருந்து போய்விட்டது. இன்றைய மாவட்ட எல்லை வரைபடத்தின் மேல் 1881 எண்களைப் போடாதீர்கள்.

எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் போட்டால் பெரிய நகரம் இருக்கும் கவுண்டி எப்போதும் ஜெயிக்கும். லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். 1881-இல் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 37,35,573. மிட்லோதியனில் சுமார் 3.89 லட்சம், ஃபைஃபில் சுமார் 1.72 லட்சம். கணக்குப் பழகுவதற்காக மட்டும், ஒரு பெயருக்கு ஸ்காட்லாந்து முழுக்க 200 பேர், மிட்லோதியனில் 40, ஃபைஃபிலும் 40 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை சமம். ஆனால் மிட்லோதியனில் லட்சத்துக்கு 10.3, ஃபைஃபில் 23.3. நாட்டுச் சராசரி 5.35. ஒவ்வொன்றையும் சராசரியால் வகுத்தால் மிட்லோதியன் 1.9, ஃபைஃப் 4.35. 1-க்கு மேலே போனால் சராசரியைவிட அடர்த்தி, கீழே வந்தால் குறைவு. வரைபடத்தில் வண்ணம் கொடுக்க வேண்டியது இந்த எண்ணுக்குத்தான்.

அரிய பெயருக்கு இதுவும் போதாது. ஒன்பது பேர் கொண்ட ஒரே குடும்பம் சிறிய கவுண்டி ஒன்றுக்குக் குடிபெயர்ந்தால் அந்தக் கவுண்டி முழுவதும் செக்கச்செவேலென்று ஒளிரும். ஆகவே தலைகளை எண்ணிய பிறகு குடும்பத் தலைவர்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். இரண்டு வரைபடமும் ஒத்துப்போனால் பரவல் உண்மை. முரண்பட்டால் ஒரு பெரிய வீடு கண்ணைக் கட்டுகிறது. மூன்றாவதாகப் பிறந்த ஊர் நெடுவரிசையை வைத்து இன்னொரு வரைபடம் போடுங்கள். மூன்றில் அதிகம் பேசுவது இதுதான். 1881-இல் கிளாஸ்கோவில் இருக்கும் அறுபது வயதுக்காரர் 1821-இல் எந்தப் பாரிஷில், அதாவது எந்தத் திருச்சபை வட்டாரத்தில், பிறந்தார் என்பதை அது சொல்லிவிடும். அறுபது வருடம் பின்னால் இருந்த பரவல் இலவசமாகக் கிடைக்கிறது. படைமுகாம், கப்பல், மருத்துவமனை, சிறை இவற்றில் இருந்தவர்களை அங்கே இருந்த ஊரில் எண்ணாமல் பிறந்த ஊரில் மட்டும் எண்ணுங்கள்.

1841 சென்சஸில் இந்த வசதி இல்லை. அதே கவுண்டியில் பிறந்தாரா இல்லையா என்பது மட்டும் இருக்கும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள். 44 வயதுக்காரர் 40 ஆகியிருப்பார். அதை வைத்துப் பிறந்த ஆண்டு கணக்கிட்டால் நாலு வருடம் வரை தப்பும்.

1855-க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஸ்காட்லாந்தில் கட்டாயச் சிவில் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை 1. தாமதமாக வந்தாலும் ஸ்காட்டிஷ் சான்றிதழ் பல மடங்கு செழிப்பானது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமண நாளும் ஊரும். முதல் ஆண்டான 1855-இன் பதிவுகள் தனிப் பொக்கிஷம்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், ஏற்கனவே எத்தனை பிள்ளைகள் என்பது வரை. அவ்வளவு எழுதிப் பதிவாளர்கள் களைத்துப்போனார்கள் போலும், 1856-இலேயே பாதியைக் குறைத்துவிட்டார்கள். திருமண விவரம் மட்டும் 1861-இல் திரும்பி வந்தது. உங்கள் குடும்பத்தில் 1855-இல் பிறந்த ஒரு குழந்தை, சித்தப்பா மகனாக இருந்தாலும், கிடைத்தால் அந்தப் பதிவுப் பக்கத்தின் படத்தை முதலில் வாங்குங்கள்.

ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் பட்டியலைத் தேடுவதற்குக் காசில்லை. மூலப் பக்கத்தின் படம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. நூறு ஆண்டுக்கு உட்பட்ட பிறப்பு, 75 ஆண்டுக்கு உட்பட்ட திருமணம், 50 ஆண்டுக்கு உட்பட்ட இறப்பு ஆகியவற்றின் படங்களை இணையத்தில் பார்க்க முடியாது. முதலில் பட்டியலை முழுவதும் விரிதாளில் இறக்கி, யார் யாருக்குப் பொருந்துகிறார்கள் என்று ஊகித்துவிட்டு, சந்தேகம் தீரவேண்டிய இடத்துக்கு மட்டும் படம் வாங்குங்கள். ஆர்வத்தில் கண்டதையெல்லாம் வாங்கினால் பணம்தான் போகும்.

ஸ்காட்டிஷ் பெண் சட்டப்படி பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. மணமான பெண்ணின் இறப்பு அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரிலும் கணவன் பெயரிலுமாக இரண்டு இடத்தில் பட்டியலிடப்பட்டிருக்கும். குடும்பக் கோடு பிடிக்க இது வரம், எண்ணிக்கைக்குச் சாபம். பென்னிகுக் இறப்புகள் இத்தனை என்று பட்டியலை எண்ணினால் பிறந்து வெளியே போனவர்களும் மணந்து உள்ளே வந்தவர்களும் சேர்ந்தே வருவார்கள். பரவல் கணக்குக்கு இறப்புப் பட்டியலை எடுக்காதீர்கள், பிறப்பை எடுங்கள்.

1855-க்கு முன்னால் பழைய பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. ஸ்காட்லாந்தில் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் பாரிஷினுடையது, 1553-இல் தொடங்குகிறது; எல்லாப் பாரிஷும் அப்படி இல்லை. இவை அரசு அங்கீகரித்த திருச்சபையின் பதிவுகள். 1733-இல் கின்ராஸ் பக்கம் கேர்னி பிரிட்ஜில் பிரிந்துபோன சபை ஃபைஃப், கின்ராஸ், பெர்த்ஷயர் வட்டாரத்தில் வேரூன்றியது. அதில் சேர்ந்த குடும்பங்களின் ஞானஸ்நானம் இங்கே இருக்காது. 1783-இலிருந்து 1794 வரை ஒரு பதிவுக்கு மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகள் பதிவதையே நிறுத்தினார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் உங்கள் பெயர் சரிந்தால் மக்கள் போய்விட்டார்கள் என்று எழுதாதீர்கள். திருமணத்திலோ நேர்மாறு: ஓலை வாசிப்பு (தேவாலயத்தில் படிக்கும் திருமண அறிவிப்பு) மாப்பிள்ளை பாரிஷிலும் பெண் பாரிஷிலும் நடக்கும், இரண்டிலும் பதிவாகும். ஒரே கல்யாணம் இரண்டு தேதியில், இரண்டு ஊரில், சில சமயம் இரண்டு எழுத்துக்கூட்டலில் கிடைக்கும்.

இன்னும் பின்னால் போக 1691 முதல் 1695 வரையிலான அடுப்பு வரிப் பட்டியல் உதவும். அடுப்பு ஒன்றுக்கு 14 ஸ்காட்ஸ் ஷில்லிங். பாரிஷ் வாரியாக வீட்டுக்காரர் பெயர் இருக்கும். இணையத்திலும் பார்க்கலாம். 1881 வரைபடத்துக்குப் பக்கத்தில் வைக்க இதைவிட நல்ல துணை கிடையாது, 190 வருட இடைவெளி. நிலம் வைத்திருந்தவர்களுக்கு 1617-இல் தொடங்கும் சசின்ஸ் என்னும் நிலப் பதிவேடு. 16-ஆம் நூற்றாண்டு வரை நீளும் உயில் ஆவணங்கள். ஸ்காட்லாந்துக்கு வெளியே செத்தவர்களின் உயில் எடின்பரோ நீதிமன்றத்தில் பதிவாவது வழக்கம். இந்தியா போன குடும்பத்துக்கு அதை மறக்கக் கூடாது.

ஒரே பெயர், இரண்டு ஆள்

அரிய பெயரில் வரும் ஆபத்து இது: பெயர் அபூர்வம், ஆகவே ஒரே காலத்தில் ஒரே முதற்பெயரோடு இருவர் இருக்கமாட்டார்கள் என்று மனம் நம்பிவிடும். இருப்பார்கள். ட்வீட்டேல் பகுதியைப் பற்றி 1715-இல் நூல் எழுதிய மருத்துவர் அலெக்சாண்டர் பென்னிகுக் 1652-இல் பிறந்து 1722-இல் இறந்தவர், கவிதையும் எழுதினார். அதே காலத்தில் எடின்பரோவில் இன்னொரு அலெக்சாண்டர் பென்னிகுக், அவரும் கவிஞர், 1730-இல் இறந்தார். இருவர் எழுத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்கள் ஏராளம்.

ஸ்காட்டிஷ் பெயரிடும் வழக்கமே இதற்குக் காரணம். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மா வழித் தாத்தா, மூன்றாமவனுக்கு அப்பா. மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி, அடுத்தவளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. நமக்கு விளக்கம் தேவைப்படாத வழக்கம். நாலு சகோதரர்களும் தலைப்பிள்ளைக்கு ஒரே தாத்தா பெயரை வைத்தால் பத்து வருடத்துக்குள் நாலு ஜான் அல்லது நாலு அலெக்சாண்டர் பிறந்துவிடுவார்கள். யார் எவர் என்று பிரிக்க, தாயின் பெயரையும் ஞானஸ்நானச் சாட்சிகளையும் தனி நெடுவரிசையாக எழுதுங்கள். சாட்சிகள் பெரும்பாலும் மாமன், சித்தப்பன் முறைக்காரர்கள். அந்த நெடுவரிசை நிரம்பும்போது குடும்பங்கள் தாமாகவே பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தியக் கிளையைத் தேட

அணை கட்டிய பென்னிகுக்கை ஸ்காட்லாந்து பதிவேட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்தார். 1911 மார்ச் 9-இல் இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில் கேம்பர்லியில் இறந்தார். பெயர் ஸ்காட்டிஷ், பிறப்பு பம்பாய் மாகாணம், வேலை சென்னை மாகாணம், சாவு இங்கிலாந்து. ஓர் ஆளுக்கே மூன்று நாட்டு ஆவணக்காப்பகம்.

இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் "என்" (N) என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையில் அவை இருக்கின்றன: என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். புனே பம்பாய்க்குக் கீழே, ஆகவே பிறப்புக்கு என்/3. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவருடைய பிள்ளைகளுக்கு என்/2. பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தேடுதளம் இலவசம். பொதுப்பணித்துறை கோப்புகள் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில்.

ராணுவக் குடும்பம் என்றால் ஒரு கேள்வியை முதலில் கேட்கவேண்டும்: மகாராணியின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா? பொறியாளரின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுக் மகாராணியின் 24-ஆவது காலாட்படையைச் சேர்ந்தவர். 1849 ஜனவரி 13-இல் சிலியன்வாலா போரில் இறந்தார். அதே களத்தில் அவருடைய மகன் அலெக்சாண்டரும் விழுந்தார். மகாராணிப் படையின் ஆவணங்கள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில். மகன் ஜானோ கம்பெனி நடத்திய அடிஸ்கோம் பயிற்சிப் பள்ளி வழியாக மதராஸ் எஞ்சினியர்ஸில் சேர்ந்தவர். அந்தத் தாள்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் எல்/மில்/9 வரிசையில். அப்பனும் மகனும் ஒரே லண்டனில் இரண்டு கட்டடத்தில் கிடக்கிறார்கள். ஒன்றில் மட்டும் தேடிவிட்டு "ஆவணம் இல்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய.

ஆண் வழி டிஎன்ஏ

ஆவணம் அறுந்துபோன இடத்தில் ஒய் குரோமோசோம் பேசும். அப்பாவிடமிருந்து மகனுக்குக் குடும்பப்பெயர் போகும் அதே பாதையில் அதுவும் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பிரிட்டிஷ் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் பொது மூதாதை அடையாளமே இல்லை. அரிய பெயர்களில் தெளிவாகத் தெரிந்தது. அட்டன்பரோ என்ற பெயரில் சுமார் 87 சதவீதம் பேர் ஒரே வழியைப் பகிர்ந்தார்கள்.

செய்முறை சுருக்கமானது. ஆவணப்படி ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு கிளைகளிலிருந்து ஓர் ஆண் வீதம் தேர்ந்தெடுங்கள். அண்ணன் தம்பியைச் சோதிப்பது காசைக் கரியாக்குவது. ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களைக் குறியீடுகள் என்பார்கள்; 37 குறியீடுகளாவது பாருங்கள், 12 பார்த்தால் கண்டவனும் உறவாகத் தெரிவான். பொருந்தினால் பொதுத் தாத்தா உண்டு. பொருந்தாவிட்டால் தத்து, மணமாகாத தாயின் பெயர், சொத்துக்காகப் பெயர் மாற்றம், அல்லது ஆரம்பத்திலேயே இரண்டு தனிக் குடும்பங்கள் அந்த ஊர்ப்பெயரை எடுத்தது என எதுவாகவும் இருக்கலாம். சோதனைக்கு ஆளைக் கேட்கும்போதே இந்தச் சாத்தியங்களைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் சண்டையில் முடியும்.

இன்றைய பரவல்

இன்றைய எண்ணிக்கைக்கு பிரிட்டிஷ் வாக்காளர் பட்டியலை நாடுவார்கள். 2002-இலிருந்து அது இரண்டாகிவிட்டது; பொதுவில் விற்கும் பட்டியலில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், லட்சக்கணக்கானவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அதில் வரும் எண்ணை 1881 எண்ணோடு நேராகக் கழித்து "இத்தனை குறைந்தது" என்று எழுதக் கூடாது. கவுண்டிகளின் வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள்: அன்று முதலில் நின்றது இன்றும் முதலிலா என்று.

உலகப் பரவல் காட்டும் தளங்களைப் பார்க்கும்போது இந்தியா என்ற வரியில் நின்று யோசியுங்கள். தேனிப் பக்கம் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள். அது இடுபெயர், குடும்பப்பெயர் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பினால், கணினிக்கு அது எடின்பரோ பென்னிகுக்கிலிருந்து வேறில்லை. தென்னிந்தியாவில் ஒரு பென்னிகுக் கிளை என்று அது கணக்குச் சொல்லும். எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. அணைக் கல்வெட்டுப் பெயரின் எழுத்தைத்தான் இவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். விரிதாளில் இவற்றை அழிக்காமல் தனிக் குறியீடு கொடுங்கள்: வகை இடுபெயர், தொடக்கம் 1895-க்குப் பின், மூல இடம் கம்பம் பள்ளத்தாக்கு.